அளவு ஜாக்கெட்டா, வாங்கிய பேட்டர்னா? வீட்டில் தைப்பவர்கள் எதை எதற்கு நம்பலாம்

தையல் மெஷினில் நேராக அடிக்கப் பழகுவது பெரிய வித்தை இல்லை. கொஞ்ச நாள் பழைய துணியில் ஓட்டினால் கை பிடிபட்டுவிடும். கஷ்டமெல்லாம் கட்டிங்கில்தான். கத்தரி வைத்துவிட்டால் துணி திரும்ப வராது என்ற பயத்திலேயே தையல் தெரிந்த எத்தனையோ பேர் ஃபால்ஸ் வைப்பது, நைட்டி பிடிப்பது, தலையணை உறை தைப்பது என்பதோடு நின்றுவிடுகிறார்கள். மும்பையில் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நம் தமிழர்கள் வீட்டில் மெஷின் இருக்கும். பிளவுஸ் மட்டும் டெய்லர் கடைக்குப் போகும்.

சரியான வடிவத்தில் ஒரு காகிதம், அதாவது பேட்டர்ன், கையில் இருந்தால் இந்தப் பயம் பாதி போய்விடும். அந்தக் காகிதத்தை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் கேள்வி. நன்றாக உட்காரும் பழைய ஜாக்கெட்டிலிருந்து எடுக்கலாம். அளவெடுத்து நாமே வரையலாம். சைஸ் வாரியாக விற்கும் அட்டையை வாங்கலாம். வெளிநாட்டு பேட்டர்னைக் காசு கொடுத்து இறக்கிப் பிரிண்ட் போடலாம். நம் அளவுகளைக் கொடுத்தால் கம்ப்யூட்டரே வரைந்து தரும் வழியும் இப்போது இருக்கிறது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சி உண்டு. வகுப்புக்குப் போய் வந்தவர்கள் வரைவதுதான் முறை என்பார்கள். வீடியோ பார்த்துப் பழகியவர்கள் அட்டை வாங்கச் சொல்வார்கள். மாமிகளுக்கு அளவு ஜாக்கெட்டைத் தாண்டி எதுவும் வேண்டாம். என் கணக்கு கொஞ்சம் வேறு. உடம்போடு ஒட்டி நிற்கிற உடுப்பு என்றால் வாங்கிய பேட்டர்னை நம்பாதீர்கள். துண்டுகள் அதிகமுள்ள உடுப்பு என்றால் வாங்கியதையே நம்புங்கள். புடவை பிளவுஸ் முதல் வகை. காலர், காலர் பட்டி, தோள்பட்டை, கஃப் என்று துண்டு துண்டாக வரும் முழுக்கைச் சட்டை இரண்டாவது வகை. நடுவில் இருக்கும் குர்த்தி, நைட்டி, பைஜாமாவை எதைக் கொண்டும் சமாளிக்கலாம்.

அளவு ஜாக்கெட்டிலிருந்து எடுப்பது

நம் வீட்டுப் பெண்களுக்கு இதில் ஒரு வசதி. டெய்லரிடம் கொடுப்பதற்கென்றே அலமாரியில் ஒரு ஜாக்கெட் தனியாக இருக்கும். யாரோ ஒரு டெய்லர் இரண்டு மூன்று தடவை பிரித்துத் தைத்து அதை நம் உடம்புக்குக் கொண்டுவந்திருப்பார். வலது தோள் சற்று இறங்கியிருப்பது, முதுகு கொஞ்சம் கூனியிருப்பது போன்று இஞ்ச் டேப்புக்குச் சிக்காத விஷயங்களெல்லாம் அதில் ஏற்கெனவே கணக்கில் வந்திருக்கும். இவ்வளவு வேலை முடிந்த ஒரு பொருளை விட்டுவிட்டு வெறும் காகிதத்திலிருந்து தொடங்குவானேன்?

பின்பக்கம் சுலபம். இஸ்திரி போட்டு, நடுவில் மடித்து, பழுப்புத் தாளின் மேல் பரப்பி, தையல் ஓடும் இடத்தில் குண்டூசியால் குத்திக்கொண்டே போனால் தாளில் புள்ளி விழும். புள்ளிகளைச் சேர்த்தால் பின்பக்கம் தயார். கையையும் இப்படியே மடித்து எடுத்துவிடலாம் என்று தோன்றும். அங்கே பொறுமை வேண்டும். கையின் தலைப்பகுதியில் முன்பக்க வளைவு உள்ளே அதிகம் குடைந்திருக்கும், பின்பக்கம் அவ்வளவு குடைந்திருக்காது. மடித்து ஒரே வளைவாக எடுத்தால் அக்குளுக்கு முன்னால் துணி சுருண்டு நிற்கும். ஆகவே முன்பாதியைத் தனியாகவும் பின்பாதியைத் தனியாகவும் எடுத்து, எது முன்பக்கம் என்று ஒரு வெட்டுக்குறி போட்டுவிடுங்கள்.

திண்டாட்டம் முன்பக்கத்தில்தான். டாட் (துணியை முக்கோணமாக மடித்து அடிக்கும் தையல்) பிடித்து மார்புக்கு இடம் கொடுத்த துணி எப்படி இழுத்தாலும் தட்டையாகப் படுக்காது. அமுக்கிப் படுக்கவைத்து ஓரத்தை மட்டும் வரைந்தால் டாட்டுக்குள் போன துணி கணக்கிலேயே வராது. தைத்துப் பார்த்தால் மார்பில் இறுக்கும். இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. டாட்டுகள் எல்லாம் சந்திக்கிற முனையில் ஒரு குண்டூசியை நிறுத்திக் குத்துங்கள். கொக்கிப் பக்கத்துப் பகுதியை முதலில் தட்டையாகப் படுக்கவைத்து, டாட்டின் தையல் வரை வரையுங்கள். அப்புறம் அந்தக் குண்டூசியை மையமாக வைத்து ஜாக்கெட்டை மெல்லத் திருப்பினால் அடுத்த பகுதி தட்டையாகப் படுக்கும். அதையும் வரையுங்கள். இப்படிச் சுற்றி வரும்போது இரண்டு பகுதிகளுக்கு நடுவே காகிதத்தில் ஒரு முக்கோண இடைவெளி தானாக விழும். அந்த இடைவெளிதான் டாட். அதன் அகலத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதுவும் சிரமம் என்றால், அதே அளவில் தைத்த ஒரு நைந்த ஜாக்கெட்டை முழுக்கப் பிரித்துவிடுங்கள். பிரித்த துண்டில் ஊசி ஓடிய தடம் புள்ளி புள்ளியாகத் தெரியும். தையல் கோடு எது, உள்ளே விட்ட துணி எது என்ற சந்தேகமே வராது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பிரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு துண்டிலும் நூல் ஓடும் திசையில் ஒரு சாக் கோடு போடுங்கள். கிராஸ் கட் பிளவுஸ் என்றால் முன்பக்கத் துண்டில் நூல் சாய்ந்து ஓடும். பிரித்த பிறகு அந்தத் துண்டை இழுத்தால் எந்தப் பக்கமும் நீளும், எது நேர் என்றே தெரியாது. கோடு இருந்தால் காகிதத்திலும் அதே சாய்வை மாற்றிக்கொள்ளலாம்.

இந்த வழியின் குறை, பழைய ஜாக்கெட்டின் குறைகளும் சேர்ந்தே வரும் என்பது. பருத்தி ஜாக்கெட்டில் கழுத்தும் கைக்குழியும் துவைத்துத் துவைத்து இளகியிருக்கும். எடுத்த வடிவத்தை அப்படியே நம்பாமல் நாலு இடத்தில் டேப் வைத்துப் பாருங்கள். முன் தோளும் பின் தோளும் ஒரே நீளமா? முன்பக்கத்துப் பக்கத் தையலும் (டாட்டை மடித்த பிறகு) பின்பக்கத்துடையதும் சமமா? கையின் தலை வளைவு, கைக்குழியின் மொத்தச் சுற்றைவிட அரை இஞ்ச், மிஞ்சினால் ஒரு இஞ்ச் கூடுதலாக இருக்கலாம். அதற்கு மேல் போனால் தோளில் சுருக்கம் விழும். குறைந்தால் கையைத் தூக்கவே முடியாது.

மாட்டுங்காவில் எனக்குத் தெரிந்த மாமி ஒருவர், “அளவு ஜாக்கெட் கையில இருக்கறச்சே எதுக்குடி காகிதம்? துணி மேலேயே வச்சு வெட்டிட்டுப் போயேன்” என்பார். அவர் கை அப்படிப்பட்டது. நமக்கு அந்தக் கை வரும்வரை காகிதம் வேண்டும். காகிதத்தில் தப்பு நடந்தால் ஒட்டுப்போடலாம், பட்டுத்துணியில் முடியாது.

அளவெடுத்து வரைவது

வகுப்பில் சொல்லித்தருவது இதைத்தான். தாதரில் இருக்கும் ஜாராப்கர் டெய்லரிங் கல்லூரி போன்ற பழைய பெயர்களாகட்டும், பக்கத்துக் கட்டடத்தில் ஒரு அக்கா நடத்தும் வகுப்பாகட்டும், அடிப்படை ஒன்றுதான். மார்பளவை நாலால் வகுத்து அகலம், இன்னொரு எண்ணால் வகுத்துக் கைக்குழி ஆழம், அதன்மேல் ஒரு கூட்டல் கழித்தல். 36 இஞ்ச் மார்பு, ஒரு இஞ்ச் லூஸ் என்றால் மொத்தம் 37. கால்பங்கு ஒன்பதே கால் இஞ்ச். பக்கத்தில் பிற்பாடு பிரித்துவிடுவதற்காக ஒன்று அல்லது ஒன்றரை இஞ்ச் உள்ளே விடுவார்கள்.

இதில் பெரிய லாபம், ஏன் வெட்டுகிறோம் என்பது புரியும். கழுத்தை இறக்கினால் தோளில் என்ன மாறும், டாட்டுக்குப் பதில் நீளத் தையல் வரும் பிரின்சஸ் கட் போட்டால் டாட் எங்கே போய் ஒளிகிறது என்பதெல்லாம் வரைந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மார்புப் பகுதியைக் கிண்ணம் மாதிரித் தனித் துண்டாக வெட்டி மும்பையில் டெய்லர்கள் போடும் கட்டோரியும் நம் ஊர் நாலு டாட் பிளவுஸும் ஒரே அடிப்படை வடிவத்திலிருந்து பிறந்தவை என்று தெரிந்துகொண்டால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நாமே மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் சூத்திரம் ஒரு சராசரி உடம்பை மனதில் வைத்துத்தான் போடப்பட்டிருக்கிறது. 36 அளவுள்ள இரண்டு பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு முதுகு அகலம், மார்பு சின்னது. இன்னொருவருக்கு முதுகு குறுகல், மார்பு பெரிது. டேப்பைச் சுற்றினால் இருவருக்கும் 36தான். மார்பளவிலிருந்தே தோளையும் கைக்குழியையும் கணக்குப் போடும் சூத்திரம் இருவருக்கும் ஒரே பிளவுஸைத் தரும். ஒருவருக்கு முதுகு பிடிக்கும், இன்னொருவருக்குத் தோளிலிருந்து வழுக்கும். அதனால் மேல்மார்பு (அக்குளை ஒட்டி, மார்புக்கு மேலே சுற்றி எடுக்கும் அளவு), தோளிலிருந்து மார்பு முனை வரை உள்ள உயரம், முனைக்கும் முனைக்கும் உள்ள அகலம், முதுகு அகலம் ஆகியவற்றைச் சூத்திரத்துக்கு விடாமல் தனித்தனியாக அளந்து போட வேண்டும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே கால்பங்காக இருக்க வேண்டும் என்ற சட்டமும் இல்லை. மேலே சொன்ன 37-ஐ, மார்பு பெரிதாக இருப்பவருக்கு முன்னால் ஒன்பதே முக்கால், பின்னால் எட்டே முக்கால் என்று பிரித்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இன்னொரு சங்கடம், தன் அளவைத் தானே எடுக்க முடியாது. கையைத் தூக்கினால் மார்பளவு மாறும், குனிந்து பார்த்தால் உயரம் மாறும். வேலைக்காக மும்பை வந்து பிஜியில் (பேயிங் கெஸ்டாக) தனியாக இருக்கும் பெண்களுக்கு டேப் பிடிக்க ஒரு தோழி கிடைத்தால்தான் இந்த வழி. இல்லையென்றால் முதல் வழிக்கே போய்விடுங்கள்.

கடை அட்டைகள்

28, 30, 32 என்று தொடங்கி 44 வரை சைஸ் போட்டு பிளவுஸ் கட்டிங் தாளாகவும் அட்டையாகவும் பிளாஸ்டிக்காகவும் விற்கிறார்கள். விலை குறைவு, துணியில் வைத்துக் கோடு போட்டால் ஐந்து நிமிட வேலை. எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. மார்பளவு ஒன்றை மட்டும் வைத்து மற்ற எல்லாவற்றையும் ஊகிக்கிற பொருள் இது. மேலே சொன்ன இரண்டு 36-களுக்கும் ஒரே அட்டைதான். டாட் முனையின் உயரமும் எல்லாருக்கும் ஒன்றாகவே வைத்திருப்பார்கள், வயது ஏற ஏற அது இறங்கும் என்பதை அட்டை அறியாது. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் அளவு ஜாக்கெட்டை அதன்மேல் வைத்துப் பாருங்கள். தோளும் கைக்குழியும் பொருந்தினால் சரி, மற்றதைத் திருத்திக்கொள்ளலாம். அந்த இரண்டும் பொருந்தவில்லை என்றால் மெனக்கெடாமல் விட்டுவிடுவது நல்லது.

வெளிநாட்டு பேட்டர்ன்கள்

சைஸ் வாரியாக அச்சடித்த காகித பேட்டர்னை 1863-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் எபெனீசர் பட்டரிக் என்ற டெய்லர் விற்கத் தொடங்கினார். அதற்கு முன் கிடைத்தவை பெரும்பாலும் ஒரே அளவில் வரும், வாங்கியவர்தான் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். பட்டரிக்கைத் தொடர்ந்து 1870-இல் மெக்கால், 1927-இல் சிம்ப்ளிசிட்டி என்று வரிசையாக வந்தன. ஜெர்மனியிலிருந்து 1950 முதல் வரும் புர்டா பத்திரிகை இன்னொரு ரகம். அதில் பல உடுப்புகளின் கோடுகளை ஒரே தாளில், தாதர் ஸ்டேஷன் தண்டவாளம் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருப்பார்கள். வேண்டிய நிறக் கோட்டைப் பின்தொடர்ந்து பட்டர் பேப்பரில் நகல் எடுக்க வேண்டும். இப்போது இந்தக் கம்பெனிகளும் ஏகப்பட்ட சின்ன வடிவமைப்பாளர்களும் பிடிஎஃப்பாகவே விற்கிறார்கள். வாங்கிய நிமிடத்தில் போனுக்கு வந்துவிடும்.

இவற்றின் பலம் ஒழுங்கு. எந்தத் துண்டை எத்தனை வெட்ட வேண்டும், எதை மடிப்பில் வைக்க வேண்டும், எந்த வெட்டுக்குறி எந்த வெட்டுக்குறியோடு சேரும், நூல் எந்தத் திசை, 45 இஞ்ச் பன்னாவில் (துணியின் அகலம்) எவ்வளவு மீட்டர், 60 இஞ்ச் பன்னாவில் எவ்வளவு என்று எல்லாம் போட்டிருக்கும். சட்டைக் காலரை நாமே வரைந்தால் காலர் ஒரு நீளம், கழுத்து ஒரு நீளம் என்று வந்து நிற்கும். அச்சடித்த பேட்டர்னில் அந்தக் கணக்கை ஒருவர் உட்கார்ந்து முடித்து வைத்திருக்கிறார்.

வாங்கும்போது ஏமாறுகிற இடங்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது சைஸ். அமெரிக்க பேட்டர்ன் உறைகளில் 12 என்றால் மார்பு 34 இஞ்ச், 14 என்றால் 36, 16 என்றால் 38. அங்கே கடையில் விற்கும் உடுப்பின் 12-க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, நம் கடை எல், எக்ஸ்எல்லுக்கும் சம்பந்தம் இல்லை. உறையின் பின்னால் உள்ள அளவுப் பட்டியலை மட்டும் பாருங்கள். அடுத்தது மார்பு. அமெரிக்கப் பெரிய கம்பெனிகளின் பேட்டர்ன்கள் வழக்கமாக மேல்மார்புக்கும் மார்புக்கும் இரண்டு இஞ்ச் வித்தியாசம் என்று வைத்து வரைந்தவை. உங்களுக்கு நாலு இஞ்ச் வித்தியாசம் இருந்து, மார்பளவைப் பார்த்து சைஸ் எடுத்தால் தோளும் கழுத்தும் தொளதொளக்கும். மேல்மார்புக்குப் பொருந்தும் சைஸை எடுத்து, மார்பில் மட்டும் வெட்டி அகட்டிக்கொள்வதுதான் முறை.

மூன்றாவது, தையலுக்கு விடும் துணி. அமெரிக்க பேட்டர்னில் எட்டில் ஐந்து பங்கு இஞ்ச், அதாவது ஒன்றரை சென்டிமீட்டர், உள்ளேயே சேர்ந்திருக்கும். புர்டா பத்திரிகைத் தாளில் அது சேராது; நாம்தான் சுற்றிலும் விட்டு வெட்ட வேண்டும். இதைப் பார்க்காமல் வெட்டினால் ஒரு சைஸ் குறைந்துவிடும். இன்னொன்று, உடம்பு பெருத்தால் பிரித்துவிட நாம் வைக்கிற ஒன்றரை இஞ்ச் அவர்கள் பழக்கத்தில் இல்லை. பக்கத் தையலில் மட்டும் நாமே கூட்டிக்கொள்ளலாம்.

புடவை பிளவுஸுக்கு இவை ஏன் ஆகாது என்பதற்குக் காரணம் லூஸ். மேல்நாட்டில் உடம்போடு நிற்கும் மேல்சட்டைக்கே மார்பில் இரண்டு மூன்று இஞ்ச் தளர்வு விட்டுத்தான் வரைவார்கள். நமக்கு ஒரு இஞ்சுக்கு மேல் போனால் பிளவுஸ் இல்லை, ஷர்ட். கைக்குழியும் அங்கே கீழே இறங்கியிருக்கும். நம் பிளவுஸில் கைக்குழி அக்குளோடு ஒட்டி நின்றால்தான் கையை உயர்த்தும்போது மொத்த ஜாக்கெட்டும் மேலே ஏறாமல் இருக்கும். இந்த இரண்டையும் திருத்தி நம் வழிக்குக் கொண்டுவரும் நேரத்தில் அளவு ஜாக்கெட்டிலிருந்து இரண்டு பிளவுஸ் வெட்டிவிடலாம்.

பிடிஎஃப் என்றால் பிரிண்ட் எடுப்பதில் கவனம் வேண்டும். ஏ4 தாளில் போட்டால் ஒரு உடுப்புக்கே இருபது முப்பது பக்கம் வரும், ஓரம் வெட்டி ஒட்ட வேண்டும். ஜெராக்ஸ் கடைக்காரர் பழக்கத்தில் ‘பக்கத்துக்குள் அடக்கு’ என்பதை அமுக்கிவிடுவார். மூன்று சதவீதம் சுருங்கினால் 36 இஞ்ச் 35-க்கும் கீழே போய்விடும். நூறு சதவீதத்தில்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லி, சோதனைக் கட்டம் இருக்கும் பக்கத்தை முதலில் ஒன்று மட்டும் எடுத்து, அங்கேயே ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். கட்டம் பத்து சென்டிமீட்டர் என்று போட்டிருந்தால் பத்துதான் இருக்க வேண்டும். ஒன்பதே முக்கால் என்றால் மீதியை எடுக்காதீர்கள். அமெரிக்க லெட்டர் தாள் நம் ஏ4-ஐவிட அகலம் அதிகம், உயரம் குறைவு. இரண்டு கோப்பும் தந்திருந்தால் ஏ4-ஐத் தேர்ந்தெடுங்கள். ஒட்டுகிற வேலையே வேண்டாம் என்பவர்கள், கட்டட வரைபடம் பிரிண்ட் போடும் கடையில் ஏ0 தாளில் எடுக்கலாம். அந்தத் தாள் 841-க்கு 1189 மில்லிமீட்டர். அந்த மாதிரிக் கடைகள் இருக்கும் ஃபோர்ட் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருந்தால் வேலை சுலபம்.

கம்ப்யூட்டர் வரைந்து தருவது

ஃப்ரீசூயிங் என்று ஒரு இலவச, திறந்த மூலத் திட்டம் இருக்கிறது. சைஸ் என்ற பேச்சே கிடையாது, நம் உடம்பின் அளவுகளைக் கொடுத்தால் அதற்கே வரைந்து தரும். அடிப்படை மேல்பகுதி, சட்டை, பேன்ட் எல்லாம் உண்டு. சராசரியிலிருந்து ரொம்ப விலகிய உடம்புள்ளவர்களுக்கும், ஆறடிக்கு மேல் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இது வரப்பிரசாதம். ஆனால் ஏகப்பட்ட அளவுகளைக் கேட்கும், ஒன்று தப்பினாலும் படம் கோணும். புடவை பிளவுஸ் இதிலும் எதிர்பார்க்காதீர்கள்.

சரி, எதை எடுப்பது?

பிளவுஸுக்கு என் ஓட்டு கலப்பு வழிக்கு. அளவு ஜாக்கெட்டிலிருந்து வடிவத்தை எடுத்து, வரையும் முறையில் சொல்கிற ஐந்தாறு அளவுகளை வைத்து அதைத் திருத்தி, தடித்த தாளில் தையல் கோட்டோடு மட்டும் ஒரு மூல வடிவம் செய்துவிடுங்கள். தையலுக்கு விடும் துணி அதில் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் துணிக்கு ஏற்ப விட்டுக்கொள்ளலாம். அதன்பின் கழுத்து மாற்றுவதும் கை மாற்றுவதும் அந்த மூலத்தின் நகலில்தான். மூலத்தில் கத்தரி படக் கூடாது.

குர்த்திக்கும் நைட்டிக்கும் இருப்பதன் மேல் வைத்து வரைவது போதும். பட்டுப்பாவாடைக்கு பேட்டர்னே வேண்டாம், நீளமும் இடுப்பும் கொசுவமும்தான். குழந்தைகளின் பிராக், கோட்டு, டவுசருக்கு வாங்கிய பேட்டர்ன் நன்றாக வேலை செய்யும். ஐரோப்பிய பேட்டர்ன்களில் குழந்தைக்கு வயதுக்குப் பதில் உயரத்தைத்தான் சைஸாகப் போடுவார்கள். 116 என்றால் 116 சென்டிமீட்டர் உயரமுள்ள குழந்தைக்கு. வயதுக்கு மீறி வளர்ந்த பிள்ளையோ வளராத பிள்ளையோ, இந்தக் கணக்கு தப்பாது. வீட்டு ஆண்களின் சட்டைக்கும் வாங்கியதே மேல். அவர்களின் பேன்ட்டுக்கு மட்டும் நான் எந்த பேட்டர்னையும் சிபாரிசு செய்ய மாட்டேன். நன்றாக உட்கார்ந்து, முட்டி தேய்ந்துபோன ஒன்றைப் பிரித்து எடுங்கள். கவட்டு வளைவு ஆளுக்கு ஆள் மாறும், அதைக் காகிதத்தில் திருத்துவது பெரிய தலைவலி.

மும்பை வீடுகளுக்கென்று சில விஷயங்கள் உண்டு. ஒன் ரூம் கிச்சனில் வெட்டும் மேஜை என்று ஒன்று இருக்கப்போவதில்லை, தரைதான். ஏ0 தாளில் எடுத்த கோட்டு பேட்டர்னைக் கட்டிலை நகர்த்தாமல் விரிக்க முடியாது. பிளவுஸின் மூல வடிவமோ ஒரு காலண்டர் தாளில் அடங்கிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில் ஈரம் ஊறி, மெல்லிய டிஷ்யூ தாளில் வரும் பேட்டர்ன் தொய்ந்து போகும், ஒட்டிய டேப் விட்டுவிடும். பழைய காலண்டரின் தடித்த தாளோ பழுப்புத் தாளோ இந்த ஊருக்கு உழைக்கும். ஓட்டை போட்டுக் கொக்கியில் மாட்டினால் இடமும் பிடிக்காது, மடிப்பும் விழாது. பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயப்போட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். மழைக்காலத்தில் அது காய இரண்டு மூன்று நாளாகும் என்பதையும் கணக்கில் வைத்து, பண்டிகைத் துணியைக் கொஞ்சம் முன்கூட்டியே நனைத்துவிடுங்கள்.

எந்த வழியில் எடுத்த பேட்டர்னாக இருந்தாலும் முதல் துணி நல்ல துணியாக இருக்கக் கூடாது. காடாத் துணியில் ஒன்று வெட்டி, டாட்டும் பக்கமும் தோளும் மட்டும் பெரிய தையலாக ஓட்டிப் போட்டுப் பாருங்கள். மங்கள்தாஸ் மார்க்கெட்டிலோ தாதர் ஹிந்த்மாதாவிலோ மாஞ்சர்பாட் என்று கேட்டால் எடுத்துக்கொடுப்பார்கள். மங்கள்தாஸுக்கு ஞாயிற்றுக்கிழமை போய் ஏமாறாதீர்கள், அன்று விடுமுறை. பழைய வேஷ்டி இருந்தால் அதுகூடப் போதும். போட்டுக்கொண்டு இரண்டு கையையும் உயர்த்துங்கள், மேல் ஷெல்ஃபில் இருக்கும் டப்பாவை எடுப்பது மாதிரி. கீழ்விளிம்பு ஏறினால் கைக்குழி ஆழம் அதிகம். டாட்டுக்கு மேலே துணி குமிழ்ந்து நின்றால் முனை உயரத்தை இறக்க வேண்டும். முதுகில் குறுக்கே மடிப்பு விழுந்தால் பின் நீளம் அதிகம். அந்தத் திருத்தத்தையெல்லாம் பேனாவால் காடாவிலேயே குறித்து, பிரித்து, மூல வடிவத்துக்கு மாற்றுங்கள்.

பிறருக்குத் தைத்துக் கொடுத்துச் சம்பாதிக்க நினைப்பவர்களுக்குக் கணக்கு மாறும். தாராவியில் கட்டிங் மாஸ்டர் ஒருவர் அட்டையில் ஒரு செட் சைஸ் வைத்துக்கொண்டு அடுக்கு அடுக்காகத் துணி வெட்டுகிறார் என்றால், அவர் யாருடைய உடம்பையும் பார்த்து வெட்டுவதில்லை. உங்களிடம் வருகிறவரோ தன் உடம்புக்குத்தான் வருவார். அளவு ஜாக்கெட் கொண்டுவராதவர்களும் வருவார்கள். அவர்களுக்காக வரையும் முறையை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான், அதற்குக் குறுக்கு வழி இல்லை. கடை அட்டை அப்போது கொஞ்சம் உதவும். வந்தவரின் மேல்மார்புக்கு நெருங்கிய அட்டையை எடுத்து, அவருடைய அளவுகளை அதன்மேல் போட்டுத் திருத்தினால் வெறும் தாளிலிருந்து தொடங்குவதைவிட வேகமாக முடியும். திருத்திய தாளில் வாடிக்கையாளர் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். அடுத்த தீபாவளிக்கு அவர் வரும்போது தேதியைப் பார்த்து, அளவு மாறியிருக்கிறதா என்று திரும்ப டேப் வைத்துவிடலாம்.